மூலையில் 500, நடுவில் 435: கவசத் தகடுகளில் நேர்ந்த ஒரு தோய்ச்சல் தவறு

பின்னணி

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறிய வெப்பப் பதப் பட்டறையில் நான் தர ஆய்வாளராக வேலை பார்த்தபோது நடந்தது இது. பட்டறை, வாடிக்கையாளர், உடன் உழைத்தவர்கள் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். இதே வேலையைச் செய்யும் இன்னொரு பட்டறையில் இது திரும்ப நடக்கக்கூடாது என்பதே என் எண்ணம்.

வந்த வேலை பன்னிரண்டு எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் 1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன். ஒரு காவல் சாவடியின் கீழ்ச்சுவரில், உட்கார்ந்திருக்கும் காவலரின் நெஞ்சு உயரம் வரை பதிக்கப்படப் போகின்றவை. கேட்கப்பட்ட கடினத்தன்மை பிரினெல் அளவில் 477 முதல் 534 வரை. அமெரிக்க ராணுவத்தின் 46100 எண் கொண்ட விவரக்குறிப்பு உயர்கடினக் கவசத் தகடுகளுக்கு வைத்திருக்கும் எல்லை அது. வாடிக்கையாளர் அதையே எடுத்துக்கொண்டிருந்தார்.

கவச எஃகுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குணங்கள் வேண்டும். பாய்ந்து வரும் குண்டை நசுக்கவோ உடைக்கவோ போதிய கடினம் வேண்டும். அடி விழுந்ததும் கண்ணாடிபோல் சிதறாமல் தாங்கும் குணமும் வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. அவற்றைச் சமன் செய்வதுதான் வெப்பப் பதம். எங்கள் முறை எளியது: தகட்டை உலையில் 890 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுவோம். அப்போது அதன் உள்ளமைப்பு ஆஸ்டெனைட் ஆகிறது. உடனே நீரில் முக்குவோம். வேகமாகக் குளிர்ந்தால் சுமார் 350 டிகிரிக்குக் கீழே அது மார்ட்டென்சைட்டாக மாறும். கடினம் அங்கிருந்துதான் வருகிறது. பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுப்போம். பட்டறையில் அதை டெம்பரிங் என்போம். முக்கும் வேலையைப் பலரும் குவென்ச்சிங் என்பார்கள். ஆனால் எங்கள் தொட்டியைக் கவனித்துக்கொண்ட மூத்த தொழிலாளி அறந்தாங்கிப் பக்கத்துக் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாயில் அது எப்போதும் தோய்ச்சல்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வாரத்தின் நிலைமை

தோய்ச்சல் தொட்டி ஐந்து கன மீட்டர் நீர் கொள்ளும். நீரைச் சுழற்றிக் குளிர்கோபுரத்துக்கு அனுப்பும் பம்பு பழுதாகி, மாற்று உதிரிக்காகக் காத்திருந்தோம். ஆறு நாள் அது ஓடவில்லை. வேலையை நிறுத்த முடியாது, குழாய் நீரை விட்டுக்கொண்டே ஓட்டலாம் என்று முதலாளி முடிவெடுத்தார். நான் எதிர்க்கவில்லை. மே மாதம், பகலில் பட்டறைக்குள் முப்பத்து மூன்று டிகிரிக்கு மேல்.

தகடுகளை நான்கு நான்காகச் சட்டத்தில் தொங்கவிட்டு, மூன்று முறையாக முக்கினோம். ஒரே பிற்பகலில் மூன்றும் முடிந்தன. பதிவேட்டில் நீரின் வெப்பநிலை முறையே 31, 32, 33 என்று எழுதியிருந்தது. எங்கள் எல்லை 35. மூன்றாவது முறைக்கு முன் தொட்டியில் கைவைத்துப் பார்த்த அந்த மூத்த தொழிலாளி, எங்களுக்கு அண்ணன், “தம்பி, தண்ணீர் சூடாக இருக்கிறது” என்றார். நான் வெப்பமானியைக் காட்டி, “33தானே அண்ணே, சரியாகத்தான் இருக்கிறது” என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை.

முதலில் கண்டது

டெம்பரிங் முடிந்த தகடுகளை மேசைப் பிரினெல் கருவியில் சோதித்தேன். பத்து மி.மீ. விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு குண்டை 3000 கிலோ எடையால் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை உருப்பெருக்கியில் அளப்பது முறை. குழி 2.65 மி.மீ. என்றால் 534, 2.80 மி.மீ. என்றால் 477. அந்த 0.15 மில்லிமீட்டருக்குள் தகட்டின் தலையெழுத்து அடங்கிவிடுகிறது. பன்னிரண்டு தகடுகளின் மூலைகளிலும் 2.72 முதல் 2.76 வரை வந்தது. அதாவது 490க்கும் 507க்கும் இடையில். சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

நான்காம் நாள் வாடிக்கையாளரின் ஆய்வாளர் ஒரு கையடக்கக் கருவியோடு வந்தார். சிறு குண்டு ஒன்றைத் தட்டவிட்டு, அது துள்ளும் வேகத்தைக் கொண்டு கடினத்தைச் சொல்லும் லீப் வகைக் கருவி. சில தகடுகளின் நடுவில் 415, 420 என்று காட்டியது.

எங்கள் பட்டறையில் யாரும் அதை நம்பவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் கருவி கனத்த பொருள்களுக்கானது. மெல்லிய தகட்டின் நடுவில் தட்டினால் தகடே அதிர்ந்து சக்தியை விழுங்கிவிடும், எண் குறைவாகக் காட்டும். 12 மி.மீ. தகட்டில் அது நடக்கும் என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எங்கள் சொந்த அளவை எடுத்துக் காட்டலாம் என்று போனபோதுதான் எனக்கு உறைத்தது: மேசைக் கருவியின் கழுத்து ஆழம் இருநூறு மி.மீ. கூட இல்லை. முந்நூறு மி.மீ. உள்ளே இருக்கும் நடுப்பகுதிக்கு எங்கள் குண்டு ஒருநாளும் எட்டியதே இல்லை. அந்தப் பட்டறையில் எத்தனையோ தகடுகளுக்கு நான் கையெழுத்திட்டிருக்கிறேன். எல்லாம் மூலைக்குத்தான்.

ஒரு தகட்டை வெட்டுவது என்ற முடிவு

ஆய்வாளர் குறைந்த எண் கண்ட ஒரு தகட்டைப் பலி கொடுப்போம் என்று கேட்டேன். முதலாளிக்கு மனம் வரவில்லை. பாதி லாபம் அதிலேயே போய்விடும். சாவடிக்குள் உட்காரப் போகும் மனிதரைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வெட்டும் முறையில் கண்டிப்பாக இருந்தோம். வாயுச் சுடரால் வெட்டினால் அந்தச் சூடே ஓரத்தைத் தளர்த்திவிடும், பிறகு அளந்து பயனில்லை. ஆகவே உயரழுத்த நீர்த்தாரை கொண்டு வெட்ட வெளியே அனுப்பினோம். நடுத்துண்டின் மேற்பரப்பை அரை மி.மீ. சாணை பிடித்தேன். உலையில் கரிச்சத்து இழந்த தோல் இருந்தால் அதுவும் குறைந்த எண் காட்டும், அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது.

குழி 2.93 மி.மீ. கடினம் 435. ஆய்வாளரின் கருவி சற்றுக் கூடுதலாகவே குறைத்துக் காட்டியிருந்தது, ஆனால் சொன்ன செய்தி உண்மை. ஆய்வகத்துக்கு அனுப்பிய துண்டின் நுண்படத்தில், ஓரத்தில் ஒரே சீரான மார்ட்டென்சைட்டும் நடுவில் அதோடு கணிசமான பெய்னைட்டும் இருந்தன. மெதுவாகக் குளிரும்போது உருவாகும், மார்ட்டென்சைட்டைவிடக் கடினம் குறைந்த உள்ளமைப்பு அது. நடுப்பகுதி வேண்டிய வேகத்தில் குளிரவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

காரணம் தேடியது

முதலாளி எஃகைக் குறை சொன்னார். அதில் பாதி உண்மை இருந்தது. ஆலைச் சான்றிதழ்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். முந்தைய வேலைகளில் வந்த எஃகில் குரோமியமும் மாலிப்டினமும் தாராளமாக இருந்தன. இந்த முறை வந்தது போரானை நம்பிய சிக்கன வகை. விவரக்குறிப்புக்கு உட்பட்டதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் குரோமியமும் மாலிப்டினமும் மிகுந்த எஃகு மெதுவாகக் குளிர்ந்தாலும் மார்ட்டென்சைட் ஆகிவிடும். நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சிக்கன வகை பொறுக்காது.

அடுத்தது நீர். ஒரு தகட்டின் எடை சுமார் 68 கிலோ. 890 டிகிரியிலிருந்து நீரின் சூட்டுக்கு இறங்கும்போது அது தோராயமாக 37 மெகாஜூல் வெப்பத்தை நீரில் விடுகிறது. ஐந்து டன் நீருக்கு அது ஒன்றே முக்கால் டிகிரி. நான்கு தகடு ஒரு சட்டம் என்றால் ஏழு டிகிரி. பம்பு ஓடாத நிலையில் இரண்டு சட்டங்கள் முக்கிய பிறகு தொட்டி 45ஐ நெருங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. அதை அந்தப் பிற்பகலுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

பதிவேடு 33 என்று சொன்னது ஏன்? தொட்டியருகே போய்ப் பார்த்தோம். வெப்பமானி பொருத்தியிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் குழாய் நீர் விழுந்துகொண்டிருந்தது. எளிதாகப் படிக்க வசதியாக, நடைபாதைப் பக்கம் வைத்திருந்தார்கள். பம்பு ஓடிய காலத்தில் நீர் கலங்கிக்கொண்டே இருந்ததால் எங்கே அளந்தாலும் ஒன்றுதான். பம்பு நின்றதும் வெப்பமானி புதிதாக வரும் நீரை மட்டுமே அளந்துகொண்டிருந்தது. கடினத்தைக் கருவி எட்டும் மூலையில் அளந்தோம். நீரைக் கண் எட்டும் ஓரத்தில் அளந்தோம்.

தொட்டியருகே பார்த்த சோதனை

கணக்கு மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அதே அளவுள்ள கழிவுத் தகடு இரண்டை எடுத்தோம். முதலாவதை 31 டிகிரி நீரில், சட்டத்தை மேலும் கீழும் அசைத்தபடி முக்கினோம். இரண்டொரு வினாடியில் இரைச்சல் கிளம்பியது, தொட்டியே அதிர்வதுபோல. சிவப்பு ஒரு கணத்தில் அணைந்தது.

இரண்டாவதை, அன்றைய பிற்பகலைப் போலவே, 44 டிகிரி நீரில், இருபுறமும் நாற்பது மி.மீ. இடைவெளியில் வேறு சூடான தகடுகளோடு, அசைக்காமல் இறக்கினோம். உள்ளே போனதும் இரைச்சல் வரவில்லை. மெல்லிய சீறல் மட்டும். மேலிருந்து குனிந்து பார்த்தபோது தகட்டைச் சுற்றி வெள்ளித்தாள் ஒட்டியதுபோல ஒரு பளபளப்பு. அதுதான் நீராவிப் படலம். ஓரங்களில் முதலில் அது கிழிந்தது, கருமை உள்நோக்கி ஊர்ந்தது. ஆனால் நடுவில், நீருக்கு அடியில், வெற்றிலை அளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு அணையாமல் நின்றது. நான் வினாடி எண்ணினேன். இரைச்சல் நடுவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது மறைந்தது.

“ஊரில் அப்பா அரிவாளைத் தோய்க்கும்போது பேச விடமாட்டார். சத்தம் எப்போது எழும்புகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார்” என்றார் அண்ணன். அன்று மூன்றாவது சட்டம் இறங்கியபோது சத்தம் பிந்தியதை அவர் கேட்டிருக்கிறார். அதனால்தான் தகடுகள் எழுந்தபின்னும் நீரில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பதில் அவரை வாயடைத்துவிட்டது. இந்த ஆய்வில் நான் மிகவும் வருந்தும் இடம் அதுதான்.

படலம் ஒட்டியிருக்கும்வரை அது போர்வைபோல் வேலை செய்கிறது. என் கணக்கில் அந்த நிலையில் 12 மி.மீ. தகடு வினாடிக்கு ஐந்தாறு டிகிரி வேகத்தில்தான் குளிரும். இந்தச் சிக்கன எஃகுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு வேகம் வேண்டும். நீர் சூடாக இருந்தால் படலம் நெடுநேரம் நீடிக்கும். தகடுகள் நெருங்கித் தொங்கினால் நடுவில் நீர் புகாது. பம்பு நின்றிருந்தால் படலத்தைக் கலைக்க ஓட்டமும் இல்லை. மூன்றும் ஒரே பிற்பகலில் சேர்ந்தன.

எடுத்த முடிவுகள்

மீதமிருந்த பதினொரு தகடுகளைப் பிரிக்க வேண்டும். மெல்லிய தகட்டிலும் நம்பகமாக அளக்கும் மீயொலி வகைக் கையடக்கக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வெட்டிய தகட்டின் துண்டுகளில் மேசைக் கருவியின் எண்களோடு ஒப்பிட்டு அதைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்தினேன். தகட்டுக்கு ஒன்பது இடம். ஆறு தகடுகள் நடுவிலும் தேறின. ஐந்து தேறவில்லை. வெட்டியதையும் சேர்த்தால் ஆறு. எந்தத் தகடு எந்தச் சட்டத்தில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. சாக்கட்டியால் எழுதிய எண்கள் உலையிலேயே அழிந்துபோயிருந்தன. மூன்றாவது சட்டத்தின் நான்கும், இரண்டாவது சட்டத்தின் உள்ளே தொங்கிய இரண்டும் என்பது என் ஊகம்.

டெம்பரிங் வெப்பநிலையை 160க்குக் குறைத்தால் கடினம் ஏறாதா என்று முதலாளி கேட்டார். ஏற்கெனவே 200 டிகிரி கண்ட தகட்டை 160இல் வைத்தால் எதுவும் ஏறாது. பெய்னைட்டும் மார்ட்டென்சைட் ஆகாது. வேறொரு யோசனை எதிர்த்திசையில் வந்தது: கீழ்எல்லையை விட்டுக்கொடுத்து, எல்லாத் தகடுகளையும் 300 டிகிரிக்கு மேல் டெம்பரிங் செய்து ஒரே சீராகத் தளர்த்திவிடலாம், வாடிக்கையாளரிடம் குறைந்த எண்ணுக்குச் சம்மதம் வாங்கிக்கொள்ளலாம். அதை நான் உறுதியாக மறுத்தேன். ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரி வரையிலான இடைவெளியில் டெம்பரிங் செய்தால் இந்த வகை எஃகு கடினத்தையும் இழக்கும், முறியாமல் தாங்கும் குணத்தையும் இழக்கும். கடின எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஊசல் சுத்தியலால் ஒரு சிறு துண்டை அடித்து முறிக்கும் சார்பி சோதனையை மைனஸ் 40 டிகிரியில் செய்தால்தான் வெளிப்படும்.

எனவே ஐந்தையும் மறுபடி தோய்ப்பது என்று முடிவாயிற்று. கடினமான தகட்டைச் சட்டென்று சூடேற்றினால் விரிசல் விழலாம் என்பதால் 600 டிகிரியில் நிறுத்தி, சமமானபின் 890க்குக் கொண்டுபோனோம். சட்டத்துக்கு இரண்டு தகடு, இடையே முந்நூறு மி.மீ. பம்பின் உதிரி அதற்குள் வந்துவிட்டது. ஆனால் குளிர்கோபுரத்தை மட்டும் நம்ப முடியாது. கோபுரத்தால் நீரை ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் சூட்டுக்குக் கீழே, கொண்டுபோக இயலாது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அது இருபத்தைந்தை ஒட்டியே இருக்கும், கோபுரம் அதைவிட நான்கைந்து டிகிரி மேலேயே நின்றுவிடும். ஒரு குளிரூட்டும் இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு முறையும் நடுத்தொட்டியில் 28 டிகிரி கண்ட பிறகே முக்கினோம்.

இரவில் விட்ட தகடு

நான்கு தகடுகள் நல்லபடி முடிந்தன. ஐந்தாவது தோய்ந்து எழுந்தபோது இரவு மணி பத்து. டெம்பரிங் உலையில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வைக்கலாம் என்று பணிமுறைப் பொறுப்பாளர் தரையில் சாய்த்துவிட்டுப் போனார். காலையில் தொங்கு துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு முடிபோல விரிசல் ஓடியிருந்தது. தோய்ச்சல் முடிந்த மார்ட்டென்சைட் உள்ளிறுக்கத்தோடு நிற்கும். அதைச் சில மணி நேரத்துக்குள் டெம்பரிங்கில் தளர்த்தியாக வேண்டும். எங்கள் நடைமுறைத்தாளில் “உடனே” என்று எழுதியிருந்தது, எத்தனை மணி என்று எழுதவில்லை. பத்து மணிக்கு வீடு திரும்பும் மனிதருக்கு அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.

பின்விளைவு

தேறிய ஆறும், மறுபடி தோய்த்த நான்கும் ஒன்பது நாள் தாமதமாகப் போயின. நடுவில் 490க்குக் குறையவில்லை. வெட்டியதற்கும் விரிசல் விட்டதற்கும் பதிலாக இரண்டு தகடுகளைப் புதிதாகச் செய்துகொடுத்தோம். செலவு முழுதும் பட்டறையின் பொறுப்பு. நுண்படத்தையும் ஒன்பது புள்ளி அளவுகளையும் ஒளிக்காமல் வாடிக்கையாளரிடம் கொடுத்தோம். அடுத்த வேலையும் அவரிடமிருந்தே வந்தது.

மாற்றியவை

வெப்பமானி இப்போது சட்டம் இறங்கும் இடத்தில், நடு ஆழத்தில் இருக்கிறது. படிக்கச் சிரமம்தான், படிக்கிறார்கள். பம்பு ஓடாவிட்டால் தோய்ச்சல் இல்லை. எண்கள் சாக்கட்டியால் எழுதப்படாமல் உளியால் குத்தப்படுகின்றன. “உடனே” என்ற சொல் போய் “இரண்டு மணி நேரத்துக்குள்” என்று வந்திருக்கிறது. ஆலைச் சான்றிதழில் கலப்பு மாறியிருந்தால் முதல் தகட்டை வெட்டி நடுவை அளந்த பிறகே மற்றவை உலைக்குப் போகும். கூடவே சிறு மாதிரித்துண்டைத் தொங்கவிட்டு அதை அளக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நான் அதை ஏற்கவில்லை; சிறுதுண்டு எந்த நீரிலும் வேகமாகக் குளிர்ந்து நல்ல எண்ணே காட்டும். தொட்டியருகே நிற்பவர் சத்தம் பிந்தியது என்று சொன்னால் அடுத்த சட்டம் இறங்காது, வெப்பமானி எதைச் சொன்னாலும் சரி. அதை நடைமுறைத்தாளில் எழுத வைத்தேன்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பம்பு நின்ற அதே ஆறு நாளில் வேறொருவருக்கு நான்கு தகடுகள் தோய்த்துக் கொடுத்திருந்தோம். பழைய வகை எஃகு, தேறியிருக்கும் என்றே கணக்கு சொன்னது. ஆனால் அவை நடுவில் அளக்கப்படவில்லை. அழைத்துச் சொன்னபோது வண்ணம் பூசிப் பொருத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை, மீயொலிக் கருவியோடும் ஒரு சிறு டப்பா வண்ணத்தோடும் நானும் அண்ணனும் போனோம். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு வெள்ளி நாணய அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டி, மூன்று முறை அளந்தோம். நான்கும் 480க்கு மேல். அண்ணன் தூரிகையை எடுத்து, சுரண்டிய இடங்களை ஒவ்வொன்றாக மூடினார்.